குரலுக்குப் பின்னால் கேட்டது

மகளே,

உன் அம்மா உன்னுடைய பெட்டியை அடுக்கி முடித்துவிட்டாள். சேலைகளுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவுக்குள் நான் வாங்கி வைத்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்று இருக்கிறது. காதில் மாட்டுகிற சாதாரண வயர்தான். கல்யாணப் பெண்ணுக்கு அப்பன் கொடுக்கிற சாமானா இது என்று அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் எடுத்து வெளியே போடவில்லை. யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இதைவிடப் பளபளப்பானவை எத்தனையோ தொங்குகின்றன. நான் ஏன் இதை எடுத்தேன், எப்படிப் பார்த்து எடுத்தேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போனால், நீ அந்த நாட்டில் வேலைக்கு இருந்தபோது இங்கே எங்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ உன் பக்கத்தை எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தை நீயும் கேட்டதில்லை. மூன்று பேரும் இந்தத் தோட்டத்து லய வரிசையில் ஒரே அறைக் காம்பராவில் படுத்து எழும்பினோம், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நீ போன வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ வேலை பார்த்த கார்மென்ட்ஸை மூடிவிட்டார்கள். எனக்கும் மழையால் வேலை கெட்டுப் போயிருந்தது. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று நீதான் சொன்னாய். அம்மா இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நான்தான், ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று அவளைத் தேற்றினேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் உன் வொய்ஸ் வரும். ஃபோன் பேச விடமாட்டார்கள், வொய்ஸ் மட்டும் அனுப்பலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாய். நான் மலையிலிருந்து இறங்கி வந்து, கையில் ஒட்டின பாலை உரித்துப் போட்டுவிட்டு, ஃபோனை நடுவில் வைப்பேன். பக்கத்துக் காம்பரா செல்வி அத்தை, அவள் பிள்ளைகள், எதிர் லயத்து ஆட்கள் எல்லாரும் வாசலில் கூடிவிடுவார்கள். “அப்பா, நான் நல்லா இருக்கேன். சாப்பாடு நல்லா குடுக்கிறாங்க. மேடம் நல்லவங்க. அம்மாவ மருந்து ஒழுங்கா குடிக்கச் சொல்லுங்க.” இவ்வளவுதான் இருக்கும். பிள்ளை குரலிலேயே தெரிகிறது, நன்றாகத் தேறியிருக்கிறாள் என்று செல்வி அத்தை சொல்வாள். அம்மாவுக்கு அதைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க முகம் தெளிந்திருக்கும். ஆனால் நம் லயத்தில் சுவர் கூரை வரை போகாது என்று உனக்குத் தெரியும். ஒரு பக்கம் டீவி, மறுபக்கம் குழந்தை அழுகை. உன் குரலை எனக்கென்று ஒரு தடவை முழுதாகக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அதற்காகத்தான் முதல் ஹேண்ட்ஸ்ஃப்ரீயை வாங்கினேன்.

அதை பஸ் ஸ்டாண்டில் தட்டுக்கடை போட்டிருந்த ஒரு ஆளிடம் வாங்கினேன். கறுப்பு நிறம், சிவப்பு வளையம். அந்த ஆள் ஒரு பாட்டைப் போட்டு என் காதில் வைத்தான். மேளம் நெஞ்சுக்குள் இடித்தது. இவ்வளவு சத்தம் வருகிறதே, நல்ல சாமான்தான் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் வொய்ஸைக் கேட்டால், கோயில் திருவிழாவில் மைக்கில் அறிவிக்கிறவர் மாதிரி உன் குரல் கனமாக, பெரிதாகக் கேட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் மாதக் கணக்காக உன்னைக் கேட்டேன். சந்தோஷமாகவே கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. அது உன் குரலைப் பெரிதாக்கியது, தெளிவாக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அப்போது தெரியாது. இடிக்கிற சத்தம் அதிகமாக இருக்கிற சாமானில், சின்னச் சத்தங்கள் எல்லாம் அதன் அடியில் அமுங்கிப் போகும். ‘ச’வும் ‘த’வும் ஒன்று போலக் கேட்கும். மூச்சு கேட்காது. பேசுகிற ஆளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்கவே கேட்காது.

மழைக்காலத்தில் அது கெட்டுப் போனது. ஃபோனில் குத்துகிற பின்னுக்கும் வயருக்கும் நடுவில் ஒரு கழுத்து இருக்கிறதல்லவா, அது அந்தச் சாமானில் வெறும் பிளாஸ்டிக். மடித்து மடித்து உள்ளே கம்பி அறுந்துவிட்டது. ஒரு பக்கம் செத்து, பிறகு மறுபக்கமும் கரகரவென்று செத்தது. அதன் பிறகுதான் நியாஸ் நானாவின் கடைக்குப் போனேன். அவரை உனக்குத் தெரியும், மாவனல்லையிலிருந்து தினமும் வந்து நம் கடைவீதியில் ஃபோன் சாமான் விற்கிறவர். இளம் வயதில் அரபு நாடுகளில் டிரைவர் வேலை பார்த்தவர். நான் போய், சிவப்பு வளையம் போட்டதையே இன்னொன்று கேட்டேன். அவர் எடுத்துத் தரவில்லை.

“என்னத்துக்கு அண்ணன்? பாட்டுக் கேக்கவா?”

“இல்ல நானா. மக அனுப்புற வொய்ஸ் கேக்க.”

“அப்ப இது வாணாம். இது டும்டும் எண்டு அடிக்கும், மனுசன்ட பேச்சுக்குச் சரிவராது” என்று சொல்லி, வெள்ளையாக, எந்தப் பகட்டும் இல்லாத ஒன்றை எடுத்து வைத்தார். பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டாம், தெரிந்த ஆளின் குரலைப் போட்டுப் பாருங்கள் என்றார். பாட்டு எந்தச் சாமானிலும் ஏமாற்றிவிடும், பழகின குரல் ஏமாற்றாது என்றார். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கச் சொன்னார். குறைத்து வைக்கும்போதும் வார்த்தை பிரிந்து கேட்டால்தான் நல்லது, கூட்டி வைத்தால்தான் புரிகிறது என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நான் காதுக்குள் ரப்பரை அழுத்தி வைத்தேன். கடைவீதிச் சத்தம் எல்லாம் தூரப் போய்விட்டது. உன் கடைசி வொய்ஸைத் தொட்டேன்.

மகளே, முதலில் உன் மூச்சு கேட்டது. பேசத் தொடங்குவதற்கு முன்னால் ஓடி வந்த ஆள் மாதிரி ஒரு மூச்சு. அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. “நான் நல்லா இருக்கேன்” என்றாய். அதற்குப் பின்னால், தாழ்ந்த குரலில், ஒரு பெண் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். உடனே நீ, “சாப்பாடு நல்லா குடுக்கிறாங்க” என்றாய். திரும்பவும் அந்தக் குரல். திரும்பவும் நீ. நான் வயரைக் கழற்றி நியாஸ் நானாவிடம் கொடுத்தேன். அவர் மாட்டிக் கேட்டார். கேட்டுக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் சாமான் தொங்குகிற சுவரைப் பார்த்தபடி நின்றார். ஒருவர் வந்து சார்ஜர் கேட்டார், அவரைக் கையால் நிற்கச் சொன்னார். பிறகு மெல்லச் சொன்னார்: “அந்தப் பொம்புள ‘கம்மிலி’ எண்டு செல்லுது அண்ணன். மிச்சத்தையும் பேசு எண்டு அர்த்தம். சாப்பாட்டப் பத்திப் பேசு எண்டும் செல்லுது. புள்ள தானாப் பேசல்ல.”

அந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீயோடு நான் மலைக்குப் போனேன். உன் வொய்ஸ் எல்லாம் ஃபோனில் இருந்தது, ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டேன். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். சிலதில் கடைசியில் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் இருந்தது. ஒன்றில், “மேடம்” என்று நீ சொன்ன பிறகு, படார் என்று ஒரு சத்தம். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு “நல்லவங்க” என்றாய். அந்த வார்த்தை மட்டும் ஒரு கட்டை உயர்ந்து, சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது. நான் அதை நம்ப மறுத்தேன். வயர் கோளாறாக இருக்கும் என்றேன். உள்ளே கம்பி விட்டுப் போயிருந்தால் வயரை அசைக்கும்போது இப்படி வெடிக்கும். அதனால் கழுத்தை மடித்து, நீட்டி, உருட்டிப் பார்த்தேன். வயர் கோளாறு என்றால் சத்தம் இடம் மாறி மாறி வர வேண்டும். இது ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், “மேடம்” என்பதற்கும் “நல்லவங்க” என்பதற்கும் நடுவில் வந்தது. அதுவும் போதாமல், நியாஸ் நானாவிடம் வேறு ஒன்றை இரவல் வாங்கி அதிலும் கேட்டேன். அதே இடம். அன்றைக்கு நான் பால் சேர்க்கவே இல்லை. சிரட்டைகளில் அப்படியே உறைந்து கிடந்தது, கங்காணி வந்து ஏசினார். என்ன ஏசினார் என்று எனக்குத் தெரியாது.

உன் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் என் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்தபோது அவளே மாட்டிக் கேட்டிருக்கிறாள். வந்து பார்த்தால், வயரை ஃபோனில் ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. “என் புள்ளய கூட்டிக்கிட்டு வாங்க” என்றாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஃபோனை நடுவில் வைப்பதை நிறுத்திவிட்டோம். செல்வி அத்தை வந்து கேட்டபோது, சிக்னல் இல்லை என்று சொன்னோம்.

நியாஸ் நானா கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கொழும்புக்கு வந்தார். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கான அலுவலகம். எங்களைப் போல எத்தனையோ பேர் காத்துக் கிடந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அங்கிருந்த அம்மையாரிடம் நான் சிங்களத்தில் சொன்னேன். முதலில் ஃபோன் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன். நன்றாக இருப்பதாகத்தானே சொல்கிறாள் என்றார். அவர் மேல் குற்றமில்லை, நானும் அப்படித்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஹேண்ட்ஸ்ஃப்ரீயைக் கொடுத்தேன். தயங்கி, துடைத்து, காதில் வைத்தார். ஒரு தடவை கேட்டார். ஒரு கையால் மற்றக் காதையும் சேர்த்து அழுத்திக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் பேனையை எடுத்து உன் பெயர், பாஸ்போர்ட் விவரம் எல்லாம் எழுதினார். தூதரகத்திலிருந்து அந்த வீட்டுக்குப் பேசச் சொல்வதாகச் சொன்னார்.

பேசினார்கள். கொஞ்ச நாளில் அந்த அம்மையார் எனக்குத் தகவல் சொன்னார். அந்த வீட்டு ஆட்கள் உன்னையே ஃபோனில் பேச விட்டார்களாம், நீ நன்றாக இருப்பதாகச் சொன்னாயாம், ஒரு குறையும் இல்லை என்றாயாம். அவர்களால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை உன் வொய்ஸ் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மாதங்கள் போயின. நான் பழைய வொய்ஸ்களைக் கேட்பதை நிறுத்தினேன். அம்மா மட்டும் கேட்பாள். அடிச் சத்தம் இருந்த அந்த ஒன்றைத் தவிர்த்து மற்றதைக் கேட்பாள். அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு வேறு ஒன்றும் இல்லை. காலையில் பால் வெட்டினேன், மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீ வந்தது எங்களால் இல்லை. நீயே அந்த வீட்டை விட்டு இறங்கி, நடந்து, தூதரக வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாய். எப்படி இறங்கினாய், எவ்வளவு தூரம் நடந்தாய் என்று எனக்குத் தெரியாது. உன்னைத் திருப்பிக் கேட்டு அந்த வீட்டு ஆட்கள் வந்தார்களாம். உனக்காக நாங்கள் கொடுத்த முறைப்பாடு ஏற்கெனவே இருந்ததால் அவர்கள் கையில் கொடுக்கவில்லை என்று கொழும்பு அம்மையார் பிறகு சொன்னார். அந்த அளவுக்காவது அந்த வெள்ளை வயர் உதவியது. விமான நிலையத்தில் நீ யாருடையதோ பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாய். அம்மா உன் இடது பக்கமிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள். நீ திரும்பவில்லை. அவள் தொட்டதும் பயந்து விலகினாய். களைப்பு என்று நினைத்தோம்.

களைப்பு இல்லை என்று எனக்குத் தெரிய வந்ததைச் சொல்கிறேன். நீ வந்து கொஞ்ச நாள் கழித்து, என்னுடைய ஹேண்ட்ஸ்ஃப்ரீயை எடுத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். வலது காதில் மட்டும் மாட்டி, மற்றது தோளில் தொங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தொங்கினதை எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டு, மற்றதைத் தொங்கவிட்டிருந்தாய். இடது பக்கம் செத்துவிட்டது போல, நீ மாற்றி மாற்றிப் பார்க்கிறாய் என்று எண்ணினேன். நீ தண்ணீர் எடுக்கப் போன பிறகு நான் அதை எடுத்துச் சோதித்தேன். சாமானைச் சந்தேகப்பட்டால், இரண்டு பக்கத்தையும் காது மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். குறைச்சலான சத்தம் வயரோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு வயரில். மாறாமல் அதே காதில் நின்றால் கோளாறு காதில். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கேட்டது. கழுத்தை மடித்தேன், நீட்டினேன். ஒரு கரகரப்பும் இல்லை. சாமானில் ஒரு குறையும் இல்லை, மகளே. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அதனால்தான். காய்ச்சல் மருந்துக்கு என்று சொல்லிக் கூட்டிப் போனேன். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார், மெஷினில் சோதித்தார். பலமாக அடி விழுந்திருக்கிறது, உள்நரம்பு போய்விட்டது, இனி அந்த இடது காதுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். எப்படி நடந்தது என்று கேட்டார். விழுந்துவிட்டேன் என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இனி உனக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாக வாசி. பெட்டியில் இருக்கிறது அந்தப் பழைய வெள்ளை வயர் இல்லை, புதிது. கழுத்தில் நல்ல ரப்பர் போட்டிருக்கிறது. ரப்பர் நல்லதா கெட்டதா என்று எனக்குக் கையில் பிடித்தாலே தெரியும், வெயிலில் பிசுபிசுக்கிற சாதி இல்லை இது. வயர் சட்டையில் உரசினால் காதுக்குள் சரசரவென்று கேட்கக் கூடாது, இதில் கேட்காது. நியாஸ் நானா உன் ஃபோனில் ஒரு மாற்றம் செய்து தந்திருக்கிறார், இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதுக்குள் சேர்ந்து வரும். ஃபோன் மாற்றினால் அதைத் திரும்பச் செய்ய வேண்டும், மறந்துவிடாதே. எல்லாவற்றையும் விட முக்கியம், சத்தத்தைக் கூட்டாதே. பஸ்ஸிலும் கடைவீதியிலும் கேட்கவில்லை என்று கூட்டத் தோன்றும். கூட்டாதே. உனக்கு இருப்பது ஒரு காது. அதற்காகத்தான் குறைந்த சத்தத்திலும் வார்த்தை பிரிந்து கேட்கிறதைத் தேடி அத்தனை கடை ஏறி இறங்கினேன்.

எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அதை உன்னிடம் கேட்கப் போவதில்லை, ஆனால் இருக்கிறது என்று சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. தூதரகத்திலிருந்து ஃபோன் வந்த நாளில்தான் அவர்கள் உன் காதில் அடித்தார்களா? நான் கொழும்புக்குப் போகாமல் இருந்திருந்தால் உனக்கு அந்தக் காது இருந்திருக்குமா? போயிருக்காவிட்டால் உன்னை அந்த வாசலிலிருந்து திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று நியாஸ் நானா சொல்கிறார். சரிதான். ஆனாலும் பால் வெட்டும்போது கை நின்றுவிடுகிறது. நான் வயரில் கேட்ட அடிதான் அந்த அடியாக இருக்கட்டும் என்று சில நாள் சாமியிடம் வேண்டியிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்காக ஒரு அப்பன் வேண்டுகிற வேண்டுதலைப் பார்.

கொடகவெலவிலிருந்து சந்திரனின் சம்பந்தம் வந்தபோது, காது விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அவள் பயம் அவளுக்கு. வெளிநாடு போய் வந்த பெண் என்றாலே நம் ஆட்கள் என்னென்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நானும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா உன் இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டாள். நீ பதில் சொல்லவில்லை. பெண்ணுக்குத் தலைக்கனமோ என்று அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிறு சந்திரன் கல்யாண மண்டபத்து விஷயம் பேச வந்தார். நீங்கள் இருவரும் குசினி வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம், பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். அப்போது நீ சொன்னாய்: “இந்தப் பக்கம் எனக்குக் கேக்காது. சொல்ல வேணாம்னு அம்மா சொன்னாங்க. நான் சொல்றேன்.”

நான் கத்தியைக் கல்லில் வைத்தபடியே இருந்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு அவர், பிறவியிலேயே அப்படியா என்று கேட்டார். இல்லை, அடித்ததில் போனது என்றாய்.

“யாரு அடிச்சது?”

“அந்த வீட்ல மேல் மாடியில ஒரு ரூம் இருந்துச்சு...” என்று நீ தொடங்கினாய்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். வாசல் வழியாக இறங்கி, கடைசி லயத்தைத் தாண்டி, மரங்களுக்குள் போய்விட்டேன். உன் குரல் வராத தூரம் வரை போனேன். அத்தனை மாதம் ஒரு வயரை மடித்து நீட்டி, உன் குரலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கத் தவித்தவன் நான். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். நின்று கேட்டிருந்தால் என் கேள்விக்கும் பதில் கிடைத்திருக்கும். அது நீ அவருக்குச் சொல்வது, எனக்குச் சொல்வது இல்லை என்பதால் போனேன். அந்தப் பதிலைக் கேட்கப் பயந்தும் போனேன். இரண்டும் உண்மை.

கொஞ்ச நேரத்தில் அம்மா தேடி வந்தாள். மழை வரப் போகிறதே, ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்றாள். மாப்பிள்ளை போய்விட்டாரா என்று கேட்டேன். இல்லை, இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கொடுத்த தேத்தண்ணியை இரண்டு பேரும் தொடவில்லை என்றாள். என்ன பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். தெரியாது, இப்படி உட்கார் என்றேன். அவள் என் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தூறல் விழுந்தது. நாங்கள் எழும்பவில்லை. கடைசியில் சந்திரனே எங்களைத் தேடிப் பாதையில் ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது. அம்மா எழும்பி நின்றுவிட்டாள். அவர் சேற்றில் செருப்பைத் தேய்த்தபடி, “பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா, போயிட்டு வர்றேன். முகூர்த்தம் காலையிலேயே, நீங்க மொத நாளே வந்துருங்க” என்றார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அவர் நல்லவர் என்று இதை வைத்து நான் முடிவு கட்டிவிடவில்லை, மகளே. அதை இனி நீதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டில் என்ன நடந்தாலும், நீயாகப் பேசு. நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல். நான் அடுத்த பஸ் ஏறி வருவேன், யாரிடமும் எதையும் நிரூபிக்கச் சொல்ல மாட்டேன். அந்த மாடி அறையைப் பற்றி என்றைக்காவது என்னிடமும் சொல்லத் தோன்றினால் சொல். நான் எழும்பிப் போக மாட்டேன். சொல்லத் தோன்றாவிட்டால் விட்டுவிடு.

அம்மா விளக்கேற்றச் சொல்லிக் கூப்பிடுகிறாள். வாசலில் உன் சித்தப்பா பந்தக்கால் கட்டிக்கொண்டிருக்கிறார், கயிறு போதவில்லையாம். நான் போய்ப் பார்க்கிறேன்.

உன் அப்பா